அக்கா நீட்டிய கை

அபிராமிக்கு மிஷின் கிடைத்து மூச்சு விடுவதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது.

மிஷின் கிடைப்பது என்றால் என்னவென்று, பனியன் கம்பெனிப் பக்கமே போகாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வருகிற பெண் முதலில் கைமடிதான். டெய்லர் பக்கத்தில் நின்றுகொண்டு துணி எடுத்துக் கொடுக்க வேண்டும், தைத்ததை வாங்கி அடுக்க வேண்டும், நூல் வெட்ட வேண்டும். பொழுதுக்கும் நின்ற கால்தான். டெய்லர் டீ குடிக்கப் போகிற நேரம் பார்த்து உட்கார்ந்து, வேஸ்ட் துணியில் ஓட்டிப் பழகி, கை திருந்தி, ஒருநாள் சூப்பர்வைசராகப் பார்த்து ‘நீ உக்காரு’ என்று சொன்னால்தான் ஸ்டூல். அந்தச் சொல்லுக்கு அபிராமி வருஷக்கணக்கில் நின்றாள். கிடைத்தது சன்னல் ஓரத்து ஓவர்லாக் மிஷின். அவள் எப்போது எழுவாள் என்று குன்னத்தூரிலிருந்து கம்பெனி வேனில் வருகிற சித்ரகலா கைமடியாகப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவளும் நல்ல கைக்காரிதான். அவளுக்கும் கால் வலிக்கத்தானே செய்யும்?

அபிராமியின் அக்கா ராமாயிக்கு அதே கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வந்த பனியனுக்குள் கையை விட்டு விரித்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்ப்பது. ஓவர்லாக் ஓட்டவும் அவளுக்குத் தெரியும். கண் கூர்மை என்று செக்கிங்கில் போட்டுவிட்டார்கள். இரண்டு பேரும் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தாய் தகப்பன் இல்லை. ஊரில் அவர்களுக்கென்று பூட்டிய வீடு ஒன்று கிடந்தது, அவ்வளவுதான். திருப்பூரில் சுப்பாத்தாள் என்ற அம்மாளின் லைன் வீட்டில் ஒரு அறை.

அந்த வருஷம்தான் வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட்டுக்கு வருகிறார்கள் என்று கம்பெனியில் எல்லோர் கழுத்திலும் அட்டை மாட்டியிருந்தார்கள். பெயர், போட்டோ, ரத்த வகை. போட்டோ கட்டைவிரல் நகமளவுதான். அக்கா தங்கை முகஜாடை ஒன்றாக இருந்ததால் ஒருத்திக்கு முடியவில்லை என்றால் மற்றவள் அவளுடைய அட்டையை மாட்டிக்கொண்டு அவள் இடத்தில் போய் நிற்பாள். அன்றைய கூலி உழைத்தவளுக்கு. சூப்பர்வைசர் செல்வக்குமாருக்கு இது தெரியும். தெரியாததுபோல் தாண்டிப் போய்விடுவார். பீஸ் இறங்கினால் சரி. யார் கை தைத்தது என்று பனியனிலா எழுதியிருக்கிறது?

மழைக்காலம் பிறந்ததும் லைன் வீடுகளில் காய்ச்சல் பரவியது. லாரித் தண்ணீர் தொட்டியில் சாக்கடை கலந்துவிட்டது என்றார்கள். கம்பெனியில் பத்துப் பேர் சுருண்டதும் முதலாளி பயந்துபோய் ஒரு லேப்காரரை வரச்சொன்னார். காய்ச்சல் உள்ளவர்கள் ரத்தம் கொடுக்க வேண்டும். டைபாய்டு என்று வந்தால் வேலையை விட்டு நிற்க வேண்டும். ஆள் தேறி வரும்வரை மிஷின் காத்திருக்காது.

ரத்தம் எடுக்கிற அன்று காலையில், கம்பெனிப் பாத்ரூம் சுவரோரமாக அக்காவை இழுத்துக்கொண்டு போனாள் அபிராமி.

“யக்கா, உடம்பு அனலாக் கொதிக்குது. தொட்டுப் பாரு.”

ராமாயி அவள் நெற்றியில் புறங்கையை வைத்தாள். வைத்த கையை எடுத்துத் தன் சேலையில் துடைத்துக்கொண்டாள், சூடு ஒட்டிக்கொண்டதுபோல.

“நேத்தே நீ சுருண்டு உக்காந்ததை சூப்பர்வைசர் பாத்துட்டாருடி. ரத்தம் எடுக்கிற பட்டியல்ல உன் பேரும் ஏறிருச்சு.”

“அதான் சொல்றேன். எனக்கு டைபாய்டுன்னு வந்துச்சு, அவ்வளவுதான். சித்ரகலா ஸ்டூல்ல ஏறிருவா. ஏறினவ எந்திரிப்பாளா? நான்னா எந்திரிப்பேனா?”

“அதுக்கு என்னைய என்ன பண்ணச் சொல்ற?”

அபிராமி கழுத்து அட்டையைக் கழற்றி நீட்டினாள். “நீதான் கல்லாட்டம் இருக்கேல்ல.”

ராமாயி ஒரு கணம்தான் யோசித்தாள். எத்தனையோ தடவை மாட்டிய அட்டைதானே. மாட்டிக்கொண்டாள்.

கட்டிங் டேபிளின் ஓரத்தில் ஊசியும் கண்ணாடிக் குப்பிகளுமாக உட்கார்ந்திருந்தார் லேப்காரர் திருமூர்த்தி. பேச்சுக்கார மனிதர். “அபிராமி யாருங்க?” என்றதும் ராமாயி போய் உட்கார்ந்து கையை நீட்டினாள். அவர் அட்டையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார்.

“ஏனுங்க அம்மிணி, போட்டோவுல கொஞ்சம் பூசினாப்புல இருக்கறீங்க?”

“போட்டோ புடிக்கையில நல்லாத்தாண்ணே இருந்தேன். அப்புறம் இந்தக் கேண்டீன்ல சாப்பிட ஆரம்பிச்சேன்.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். திருமூர்த்தியும் சிரித்துக்கொண்டே ரப்பரை இழுத்துக் கட்டினார். “கை சில்லுன்னு இருக்குதே. உங்களுக்கா காய்ச்சல்?”

“காலையில மாத்திரை போட்டேன். எறங்கிருச்சு.”

குப்பியில் ரத்தம் ஏறியது. அதன்மேல் அபிராமி என்று எழுதி ஒட்டினார்.

மறுநாள் செல்வக்குமார் செக்கிங் டேபிளுக்கே வந்தார். ராமாயியின் கை ஒரு பனியனுக்குள் இருந்தது.

“அம்மிணி, உங்க தங்கச்சிக்கு டைபாய்டுதானுங்க.”

பனியனுக்குள் விரித்த விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

“என்னண்ணே சொல்றீங்க? நல்லாப் பாத்தாங்களா?”

“பாத்துட்டுத்தான் சொல்றாங்க. டைபாய்டு இருந்தா, அந்தக் கிருமி மருந்தை ரத்தத்துல உட்டதும் பால் திரிஞ்ச மாதிரி திரியோணுமாமா. உங்க தங்கச்சி ரத்தத்துல நல்லாத் திரிஞ்சிருக்குதாமா. பயப்படாதீங்க. கம்பெனி டாக்டரு மாத்திரை எழுதியிருக்கறாரு, இந்தாங்க. முழுசும் தின்னு முடிக்கோணும். நடுவுல உட்டா திருப்பிக்கும்னாரு. அது வரைக்கும் ஊட்டுலயே இருக்கட்டும்.”

“மிஷினுண்ணே?”

செல்வக்குமார் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். “ஷிப்மெண்ட் தலைக்கு மேல நிக்குது. சித்ரகலாவை உக்கார வெச்சா அப்பறம் எந்திரின்னு சொல்றது ஞாயமில்லீங்க. அதனால நீங்க உக்காருங்க, செக்கிங்குக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன். அவ அட்டையை மாட்டிக்கிட்டு உக்காருங்க. ஆடிட்டுக்காரன் வந்து கேட்டா நீங்கதான் அபிராமி. எனக்கு ஒண்ணுந் தெரியாது.”

நல்ல மனுஷன் மனசறிந்து செய்த நல்ல காரியம் அது. அதுதான் ராமாயியின் வாயை அடைத்துவிட்டது. உண்மையைச் சொன்னால் தங்கை ஸ்டூலும் போகும், இவள் வேலையும் போகும், அவர் பெயரும் கெடும்.

சாயங்காலம் லைன் வீட்டில் பாய்மேல் மாத்திரைக் கவரை வைத்துக்கொண்டு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அபிராமி போர்வையைத் தலைவரை சுற்றியிருந்தாள். குளிரில் பல் தந்தியடித்தது.

“அக்கா, அது உன் ரத்தம்.”

“ஆமா.”

“அப்போ டைபாய்டு உனக்குத்தானக்கா?”

ராமாயிக்கும் அதுதான் வழியெல்லாம் உறுத்திக்கொண்டு வந்தது. “போன கோடையில ஊருல கெடந்தேன்ல. முடியெல்லாம் கொட்டி, எலும்புந்தோலுமா. அது போகலடி. உள்ளுக்குள்ளயே பதுங்கி உக்காந்துருக்கு.”

“அப்ப எனக்கு?”

“உன் ரத்தத்தை யாரு பாத்தா? உனக்கு மழைத்தண்ணியில நனைஞ்ச காய்ச்சலாத்தான் இருக்கும்.” சொல்லிவிட்டு, மனசு கேட்காமல் மாத்திரை அட்டையை அவள் பக்கம் தள்ளினாள். “எதுக்கும் நீயும் ரெண்டு போட்டுக்க.”

அபிராமி திருப்பித் தள்ளிவிட்டாள். “முழுசும் திங்கணும்னு சொல்லியிருக்காங்கல்ல? நீ பாதி நான் பாதின்னு தின்னா ரெண்டு பேருக்கும் கேக்காது. நீ செத்துக்கித்துப் போயிட்டேன்னா நான் எங்கக்கா போவேன்?”

“வாயைக் கழுவுடி.”

“அப்பத் தின்னு. என் கண்ணு முன்னால தின்னு.”

ராமாயி தின்றாள்.

கதை கேட்கிற கண்ணுகளா, அவசரப்பட்டு அவர்களை ஏசாதீர்கள். அவர்கள் கணக்கில் ஒரு பிசகும் இல்லை. அட்டை யாருடையதாக இருந்தாலும் உழைத்தவளுக்குத்தான் கூலி என்று எப்போதும் பிரித்துக்கொள்கிறவர்கள் அல்லவா? அதே நியாயம்தான் இங்கேயும். யாருடைய ரத்தமோ அவளுக்கு நோய். யாருக்கு நோயோ அவளுக்கு மருந்து. இப்படி ஒரு நியாயத்துக்கு உள்ளே ஒரு உயிர் கிடந்து வேகும் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

நோயில்லாத வயிற்றில் விழுந்த மாத்திரை சும்மா இருக்குமா? ராமாயிக்குக் குமட்டியது. வாய் கசந்தது. சோற்றைக் கண்டாலே வெறுத்தது. ‘மருந்து வேலை செய்யுது, நோயை அடியோட பேத்தெடுக்குது’ என்று நம்பினாள். குமட்டலை அடக்கிக்கொண்டு அபிராமியின் அட்டையோடு அபிராமியின் ஸ்டூலில் உட்கார்ந்து, அபிராமியின் மிஷினை மிதித்தாள். பக்கத்தில் சித்ரகலா நின்றுகொண்டே துணி எடுத்துக் கொடுத்தாள்.

பகலில் அபிராமியைப் பார்த்துக்கொண்டது சுப்பாத்தாள்தான். லைன் வீட்டுக்காரி என்றாலும் ஈரமுள்ள மனுஷி. புழுங்கலரிசிக் கஞ்சியைத் தூக்குப்போசியில் ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவாள்.

“மாத்திரை தின்னியா கண்ணு?”

“அக்கா எல்லாம் பாத்துக்கிருச்சு ஆத்தா.”

“என்னத்தப் பாத்துதோ போ. மாத்திரை திங்கற ஒடம்பாட்டத் தெரியலியே சாமி. நாளுக்கு நாளு கண்ணு குழிக்குள்ள போவுது.”

அபிராமி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். பெட்டிக்கடையில் வாங்கின காய்ச்சல் மாத்திரையைப் போட்டால் கொஞ்சம் வேர்த்து இறங்கும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மறுபடியும் ஏறும். நேற்றைவிட இன்று ஒரு படி கூட. வயிற்றில் ஒரு பக்கம் குத்த ஆரம்பித்தபோது அதை அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் அக்கா மிஷினை விட்டுவிட்டு வந்துவிடுவாள்.

ராமாயி பார்க்காமலா இருந்தாள்? தினமும் வேலை முடிந்து ஓட்டமாக வந்து அவள் நெற்றியைத்தான் முதலில் தொடுவாள்.

“வாடி, ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்.”

“போனா ரத்தம் எடுப்பாங்க. மொத எடுத்தது யாருதுன்னு கேப்பாங்க. சூப்பர்வைசர் தலையும் சேந்து உருளும். உன் மாத்திரை முடியட்டும்க்கா. ஷிப்மெண்டும் போயிரும். அப்பப் போவோம்.”

“தாங்குவியாடி?”

“கைமடியா நின்னே தாங்கினேன். படுத்துக் கெடக்க மாட்டனா?”

சிரிப்புக் காட்டத்தான் சொன்னாள். இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

கடைசி மாத்திரையை ராமாயி தின்ற அன்று, மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன், கம்பெனி கேட்டில் ஒரே சத்தம். வாட்ச்மேனைத் தள்ளிவிட்டு சுப்பாத்தாள் உள்ளே வந்துகொண்டிருந்தாள். காலில் செருப்பில்லை.

“ராமாயீ! அடி ராமாயீ! உன்ற தங்கச்சி கக்கூசுல உளுந்து கெடக்குது சாமி! வெளிக்குத் தாராட்டக் கருப்பாப் போச்சு, இப்ப ரத்தமாப் போவுது! கூப்புட்டா முழிக்கவே மாட்டீங்குது!”

ராமாயி எழுந்த வேகத்தில் ஸ்டூல் கவிழ்ந்தது. மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தியது சித்ரகலா.

செல்வக்குமார் கம்பெனி வேனிலேயே லைன் வீட்டுக்குப் போய் அபிராமியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைந்தார். அபிராமியின் தலை அக்காவின் மடியில் கிடந்தது. உதடு வெளுத்துக் காகிதமாகியிருந்தது. வேன் குலுங்கும்போதெல்லாம் ராமாயி அவள் கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள். கூப்பிட்டதற்கெல்லாம் அவள், “நூல் அறுந்துருச்சுக்கா, நூல் அறுந்துருச்சு” என்றே பிதற்றினாள்.

பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா வந்து பார்த்தார். வயிற்றை அமுக்கியதும் அபிராமி முனகினாள். நர்ஸ் குளுக்கோஸ் ஏற்ற நரம்பு தேடினாள்.

“இதுக்கு முன்னாடி என்ன வைத்தியம் பார்த்தீங்க?”

செல்வக்குமார் முன்னால் வந்தார். “ரத்தத்துல டைபாய்டுன்னு வந்துச்சுங்க. கம்பெனியிலயே மாத்திரை முழுசும் வாங்கிக் குடுத்தோமுங்க டாக்டர். இன்னியோட முடியுதுங்க.” காலிக் கவரை ராமாயியின் பையிலிருந்து வாங்கிக் காட்டினார்.

டாக்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. “இது நல்ல மருந்து. முழுசும் சாப்பிட்டும் காய்ச்சல் ஒரு துளி இறங்கலைன்னா, இது டைபாய்டா இருக்காது. குடல்ல டிபி மாதிரி எதாவதா இருக்கும். வேற வழியில போய்ப் பார்க்கணும்.” நர்ஸ் பக்கம் திரும்பினார். “டைபாய்டு மருந்து எதுவும் வேண்டாம். முதல்ல ஸ்கேனுக்கு அனுப்புங்க.”

கட்டிலின் கால்மாட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ராமாயி நின்றாள். டாக்டரம்மா தப்பான வழியில் காலை எடுத்து வைப்பது அவள் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. அந்த வழியைக் காட்டியது இவள் தின்ற மாத்திரை. பக்கத்திலேயே செல்வக்குமார். தன் கழுத்தில் இன்னும் அபிராமியின் அட்டை.

“அம்மா.”

யாரும் திரும்பவில்லை. தள்ளுவண்டி வந்துகொண்டிருந்தது.

“அம்மா! அவ திங்கல! அந்த மாத்திரையில ஒண்ணுகூட அவ திங்கலம்மா! எல்லாத்தையும் நான் தின்னுட்டேன்!”

வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரம்மா, “நீ ஏன் சாப்பிட்டே?” என்றார்.

“அது என் ரத்தம். அவளுக்குப் பதிலா நான்தான் கையை நீட்டினேன். என் ரத்தத்துல டைபாய்டு இருக்குன்னு வந்துச்சு. அதான் மருந்து எனக்குன்னு…”

“உனக்குக் காய்ச்சல் இருந்துதா?”

“இல்லம்மா.”

“இதுக்கு முன்னாடி எப்பவாவது?”

“போன கோடையில. டைபாய்டுன்னுதான் ஊருல வைத்தியம் பாத்தாங்க.”

டாக்டரம்மா கண்ணை மூடித் திறந்தார். திட்டுவார் என்று ராமாயி காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. “அந்த டெஸ்ட்ல கிருமியைப் பார்க்கிறதில்லைம்மா. கிருமி வந்தப்போ அதோட சண்டை போட ரத்தம் ஒரு எதிர்ப்புப் பொருளை உண்டாக்கி வச்சிருக்கும். அது இருக்கான்னுதான் பார்க்கிறோம். சண்டை முடிஞ்சு, நோய் போய், மாசக்கணக்கானாலும் அது ரத்தத்துல நிக்கும். உன் ரத்தத்துல இருந்தது போன கோடையில வந்த திருடனோட காலடி. திருடன் இவ உடம்புல இருந்திருக்கான்.” சொல்லிக்கொண்டே அபிராமியின் நாடியைப் பிடித்தார். “நல்லா யோசிச்சுச் சொல்லு. ஒரு மாத்திரைகூட இவ வயித்துக்குள்ள போகலையா?”

“காய்ச்சல் மாத்திரை மட்டுந்தான். அதுவும் கடையில வாங்கினது.”

“அப்போ இவ கிருமிக்கு மருந்து இன்னும் அறிமுகமே ஆகலை. கேக்கும்.” தள்ளுவண்டிக்காரரை நிறுத்தினார். “இவளோட ரத்தத்தை எடுங்க. இவளோடதை. கிருமியையே வளர்த்துப் பார்க்க அனுப்புங்க. அது வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது, டைபாய்டு ஊசியை இப்பவே ஆரம்பிங்க. குடல்ல புண்ணாகி ரத்தம் போகுது. ரத்தம் ஏத்தணும், உடனே.”

செல்வக்குமார் ராமாயி பக்கம் திரும்பினார். மெதுவாகச் சொன்னார். “உங்களை நம்பி மிஷினை உட்டுவெச்சனே அம்மிணி. என்ற மூஞ்சியில கரியைப் பூசிட்டீங்களே.” சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

ராமாயிக்கு அதைக் கேட்டு அழக்கூட நேரமில்லை. நர்ஸ் ஒரு சீட்டைக் கையில் திணித்து ரத்த வங்கிக்கு அனுப்பினாள். அபிராமியின் ரத்தம் பி நெகட்டிவ். லேசில் கிடைக்காத வகை. ரத்த வங்கியில் இருப்பு இல்லை.

“எனக்கும் அதே வகைதாங்க. எடுத்துக்கங்க, எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கங்க.” முந்தானையை ஒதுக்கிக்கொண்டு கையை மேசைமேல் நீட்டிவிட்டாள்.

அங்கிருந்தவர் அவளுடைய அட்டையைப் பார்த்தார். “பேரு அபிராமியா?”

“இல்லைங்க. அது தங்கச்சி. நான் ராமாயி.” அவசரமாக அட்டையைக் கழற்றி மடியில் வைத்தாள்.

“ஒரு வருஷத்துக்குள்ள மஞ்சக்காமாலை, டைபாய்டு எதாச்சும் வந்துதா?”

நீட்டிய கை அப்படியே இருந்தது. ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை. இங்கே இவளைத் தெரிந்தவர் யாருமில்லை. டாக்டரம்மா வார்டில் இருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், தங்கைக்கு ரத்தம் ஏறும். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. ஆனால் போன தடவை இதேபோல் கையை நீட்டி ஒரு பொய் சொன்னாளே, அது தங்கையை எங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறது?

“வந்துச்சு. போன கோடையில.”

“அப்போ எடுக்க முடியாதும்மா.”

“ஐயா, அது வெறும் காலடிதாங்க! திருடன் இல்லைங்க! டாக்டரம்மாவே சொன்னாங்க. இத்தனை நாளா மருந்தும் தின்னுருக்கேங்க…” அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “எடுத்துக்கங்க சாமி. நான் உங்க காலுல வேணும்னாலும் விழுறேன்.”

“நீ சொல்றது சரியாவே இருக்கலாம். ஆனா ஏறப்போறது உயிருக்குப் போராடுற உடம்புல. வேற ஆளைக் கூட்டிட்டு வாம்மா. நாங்களும் மத்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேக்கிறோம். சீக்கிரம்.”

வேற ஆள் யார்? ஊரில் பூட்டிய வீடு. இங்கே தெரிந்தவர்கள் எல்லாம் கம்பெனியில் இருப்பவர்கள். அங்கே இன்று ஷிப்மெண்ட். ராமாயி வாசலுக்கு ஓடினாள். டீக்கடைப் பக்கம் வேன் இன்னும் நின்றுகொண்டிருந்தது. கதவில் சாய்ந்து நின்ற செல்வக்குமார் இவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அண்ணே, என் ரத்தம் ஆகாதாம். வேற ஆளு வேணுமாம்.” மடியிலிருந்த அட்டையை எடுத்து அவர் கையில் வைத்தாள். “ஸ்டூலு வேண்டாம். மிஷினு வேண்டாம். நாளைக்கே நாங்க கெளம்பிர்றோம். இதுல போட்டுருக்கிற வகை நம்ம லைன்ல யாருக்காச்சும் இருக்கான்னு மட்டும் பாருங்கண்ணே.”

அவர் அட்டையைப் பார்த்தார். “இதாச்சும் நெசமா?”

“நெசந்தாண்ணே.”

அட்டையோடு அவர் வேனில் ஏறினார். வேன் கிளம்பிப் போனது. வருமா, வராதா? அவள் கேட்கவில்லை. கேட்கிற வாயை அவளே கெடுத்துக்கொண்டாளே.

வார்டில் அபிராமியின் கை சில்லிட்டுக்கொண்டே வந்தது. நெற்றி மட்டும் கொதித்தது. நர்ஸ் வந்து நாடி பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள், போவாள். சுப்பாத்தாள் பஸ் பிடித்து வந்து, கால்மாட்டில் உட்கார்ந்து உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். “மாரியாத்தா, பாத்துக்க. நீயே பாத்துக்க.” ராமாயிக்கு எந்தச் சாமி பெயரும் வாயில் வரவில்லை. வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து பார்த்தாள். வேறு யாரோ, வேறு யாருடைய துக்கத்துக்கோ ஓடுகிறவர்கள்.

வெயில் சாயத் தொடங்கியபோது ஒரு செருப்புச் சத்தம் வார்டு வாசலில் நின்றது.

சித்ரகலா. தலைமுடியில் பஞ்சுத் தூசி அப்படியே ஒட்டியிருந்தது. கழுத்தில் அவளுடைய அட்டை.

“ரத்தம் எங்க குடுக்கோணுமுங்க அக்கா?”

ராமாயி அவளை இழுத்துக்கொண்டு ஓடினாள். ஓடும்போதே சித்ரகலா மூச்சு வாங்கச் சொன்னாள். “சூப்பர்வைசர் அண்ணன் லைன் முச்சூடும் கழுத்தைக் கழுத்தைப் பாத்துட்டு வந்தாருங்க. என்றகிட்ட நின்னு, ‘இந்த அட்டையில இருக்கறது உன்ற ரத்தந்தானே?’ன்னு மூணு வாட்டி கேட்டாருங்க. ‘சந்தேகமுன்னா குத்திப் பாத்துக்கங்க’ன்னு சொல்லிப்போட்டு வேன்ல ஏறிட்டனுங்க.”

ரத்த வங்கிக்காரர் விரலில் குத்திப் பார்த்தார். அட்டையில் இருந்தது உண்மைதான். “டைபாய்டு, மஞ்சக்காமாலை எதாச்சும் வந்துதாம்மா?”

“எனக்கு வந்ததெல்லாம் கால்வலிதானுங்க,” என்றாள் சித்ரகலா. கையை நீட்டினாள்.

கொடுத்து முடித்ததும் வெளிப் பெஞ்சில் அவளை உட்காரவைத்து ராமாயி டீ வாங்கி வந்து கொடுத்தாள். சித்ரகலாதான் டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“நீங்க எந்திரிச்சு ஓடினதுல இருந்து அந்த மிஷின்ல நாந்தானுங்க உக்காந்திருக்கறேன். அண்ணன் உக்காரச் சொல்லீட்டாருங்க.”

ராமாயி தலையை ஆட்டினாள். “நல்லா ஓடுதா?”

“நூல் அறுக்குதுங்க.”

“மேல் நூலு டென்ஷனை ஒரு சுத்து லூசா விடு. இறுக்கினா அது கேக்காது. அவ அப்படித்தான் ஓட்டுவா.”

“செரிங்க அக்கா.” சித்ரகலா எழுந்தாள். மடியிலிருந்து எதையோ எடுத்து ராமாயியின் கையில் வைத்தாள். அபிராமியின் அட்டை. “அண்ணன் குடுக்கச் சொன்னாருங்க. வேற ஒண்ணுஞ் சொல்லலீங்க.”

வேன் அவளை ஏற்றிக்கொண்டு ஷிப்மெண்டுக்குத் திரும்பியது.

ராமாயி வார்டுக்குப் போனபோது கட்டில் கம்பியில் ரத்தப் பை தொங்கிக்கொண்டிருந்தது. பையில் பெயர் இல்லை, ஒரு நம்பரும் வகையும் மட்டும். சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா வந்து பார்த்தார். “ரத்தம் நின்னுடுச்சுன்னு சொல்ல மாட்டேன். காலையில வரைக்கும் தாங்கணும்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அட்டையைத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டு, ராமாயி தங்கையின் நெற்றியில் புறங்கையை வைத்தாள். இன்னும் கொதித்தது. இந்தத் தடவை கையை எடுக்கவுமில்லை, துடைத்துக்கொள்ளவுமில்லை.